ஓரக் குறிப்பு

வகுப்பு மூன்றாம் மாடியில்.
ஜன்னல் ஒன்று திறக்காது, இன்னொன்று மூடாது.
மூடாததன் வழியே செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்து மூடுபனி வந்து
ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்.
வருகைப் பதிவேட்டில் அதற்குப் பெயரில்லை.
விடுப்பு எடுத்ததுமில்லை.

முதுகலை, படைப்பெழுத்து, இரண்டாம் பருவம்.
ஏழு பேர்.
எழுதியவர் வாய் திறக்கக் கூடாது,
மற்ற ஆறு பேரும் அவர் செத்துப்போனதுபோலப் பேசலாம்.
இந்த விதியை நான் உண்டாக்கவில்லை.
என்னையும் இப்படித்தான் உட்கார வைத்தார்கள்.
நாக்கைக் கடித்துக்கொண்ட இடம்
குளிர் நாளில் இன்னும் தெரிகிறது.

லியாண்டர் பார்டிக்கு அறுபத்தொன்று.
எனக்கு முப்பத்தாறு.
முப்பது வருடம் ஃபெர்ரியின் என்ஜின் அறையில் இருந்தவர்.
இடது காது போய்விட்டது.
விமர்சனம் தொடங்கியதும்
அந்தக் காதைத்தான் எங்கள் பக்கம் திருப்புவார்.

பதினொரு பக்கம் கொண்டுவந்தார்.
ஒரு சமையலறை. ஒரு பூனை.
விட்டுப்போன மனைவி, இடக்கைக்காரி.
செத்துப்போகவில்லை,
ஆல்பர்ட்டாவுக்குப் போனாள், அவ்வளவுதான்.

ஷானா கீலி, காலம் குழம்புகிறது என்றாள்.
டெவின் ஸ்டர்ஜ், பூனை எதற்கு என்றான்.
பிறகு இருபது நிமிடம் பூனையைப் பற்றியே பேசினோம்.
நான் ஆறாம் பக்கத்தில்
கீழிருந்து நான்காவது வரியைப் பென்சிலால் அடித்து
ஓரத்தில் எழுதினேன்:
‘கரண்டிக்குக் கை ஏது? அதிலும் வலது கை?’
எழுதியதை வாசித்தும் காட்டினேன்.
வகுப்பு சிரித்தது.
அவரும் சிரித்தார்.
விதிப்படி, சிரிப்பு பேச்சில் சேராது.

ஏப்ரலில் ஆய்வேடு வந்தது.
பூனை இருந்தது. வரி இல்லை.
வெள்ளையடித்துச் சாவியை ஒப்படைத்த
வாடகை வீடுபோலச் சுத்தம்.
ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த வெளித்தேர்வாளர்
‘கட்டுப்பாடு மிக்க நடை’ என்று எழுதி
எண்பத்தொன்று போட்டார்.
நான் எழுபத்தொன்பது.
ஐந்துக்குக் குறைவாக வேறுபட்டால்
சராசரி போதும் என்கிறது படிவம்.
எண்பது.
யாருக்கும் மனக்குறை இல்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது
அந்த வரி வந்தது.
சோப்பு நுரைக்குள் கைவிட்டு எடுத்ததுபோல, முழுசாக.
துடைத்து இழுப்பறையில் போடப் போனேன்.
இழுப்பறையைத் திறக்கவே முடியவில்லை,
கொஞ்ச நேரம்.

ஆகஸ்டில் நான் எழுதிய கவிதையில்
பதினான்காவது வரியாக அது உட்கார்ந்திருந்தது.
இரண்டு நாள் என்னுடையது என்றே நினைத்தேன்.
அதற்காக என்னை மெச்சிக்கொண்டேன்,
ஒரு கோப்பை ஒயினோடு.

‘இது முழுக்க என் சொந்தப் படைப்பு’ என்று
வருடத்துக்கு ஏழு பேரிடம்
கையெழுத்து வாங்குகிறவள் நான்.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.
கூரையில் ஏறியிருந்தாராம், காற்று இரைந்தது.
அந்த வரி, என்றேன்.
எந்த வரி, என்றார்.
சொல்ல வேண்டியதாயிற்று.
“இருங்க, காது மாத்திக்கறேன்.”
மறுபடி சொன்னேன்,
இந்த முறை கேட்கிற காதுக்கு.

காற்று மட்டும் பேசியது.

“அது நல்லா இல்லைன்னுதானே சொன்னீங்க?”

நாக்கு பழைய இடத்தில் போய்ப் பட்டது.
விதிப்படி என் முறை.
வாய் திறக்கவில்லை.

“வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க” என்றார்.
“எனக்கு இங்க ஆணி தீர்றதுக்குள்ள மழை வந்துடும்.”

வைத்துக்கொள்ளவில்லை.
இங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

செப்டம்பரில் புதிதாக ஏழு பேர், அதே மூடுபனி.
டெவின் மட்டும் தாழ்வாரத்தில் பார்த்துக் கேட்டான்,
பூனையை ஏன் விட்டுவைத்தார் என்று.

என் கவிதையில் பதினான்காவது வரி காலி.
பதிமூன்று அதன்மேல் கால் வைக்கப் பார்த்துத்
தடுமாறிப் பதினைந்தில் விழுகிறது.
யாராவது பென்சிலோடு வந்து
ஓரத்தில் எழுதக்கூடும்:
இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறதே?